புரட்டாசியில் நான் பார்க்காத மீன்

மீனுக்கு வயது சொல்வது என் வேலை. அறுபதுகளின் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பெண் இப்படிச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "மீனுக்குக் கைரேகை பாப்பீங்களோ?" என்பார்கள். ஆரம்பத்தில் நானும் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய், "ஆமா, ஜாதகமும் எழுதித் தருவேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பழகிக்கொண்டேன்.

விளக்கம் ஒன்றும் பெரிதில்லை. மீனின் தலைக்குள், மூளைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கல் இருக்கும். மீன் வளர வளர அந்தக் கல்லும் வளரும். அதை இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால், குறுக்கே வெட்டிய வெங்காயம் போல வளையங்கள் தெரியும். வருஷத்துக்கு ஒரு வளையம். எண்ணினால் வயது. எண்ணும்போது தும்மல் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

கடலோரத்தில் பழைய பங்களா ஒன்றில் அரசாங்கத்தின் மீன் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே நான் உதவியாளர். மொத்தம் மூன்று பேர்தான்: அதிகாரி, நான், மலாய்க்காரப் படகோட்டி ஒருவர். அதிகாரி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்த கிறிஸ்தவர். நேர்த்தியான மனிதர், பென்சிலைக்கூட அளந்து சீவுவார். ஆனால் அவருக்கு இழுப்பு நோய் உண்டு. மார்க்கெட் ஈரத்தில் கால்மணி நேரம் நின்றால் மூச்சு விசிலடிக்கும். அதனால் மீன் பார்க்கும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

நாங்கள் பார்த்தது இக்கான் மேரா. சிவப்பு மீன், பெரிய தலை, சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் மீன் தலைக் கறிக்குப் போவது. அது எந்த வயதில் முதல்முறை முட்டை போடுகிறது என்பதுதான் கேள்வி. அது தெரிந்தால்தான், எவ்வளவு சிறிய மீனைப் பிடிக்காமல் விடவேண்டும், எப்போது விடவேண்டும் என்று மீனவர்களிடம் சொல்ல முடியும்.

வீடு பஃபலோ ரோட்டில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே. தேக்கா மார்க்கெட்டுக்கு மூன்று நிமிஷ நடை. காலை ஆறு மணிக்கெல்லாம் அளவுப் பலகையும் நோட்டுமாகச் சீன மீன்காரர் கடையில் நிற்பேன். அவர் தேக்காவில் இருபது வருஷம் வியாபாரம் செய்தவர், என்னைவிட வேகமாகத் தமிழில் பேரம் பேசுவார். முழு மீனை நான் அளந்து எடை போட்டதும் அவர் வயிற்றைக் கீறிக் குடலை ஒரு பேசினில் போடுவார். அதிலிருந்து சினைப்பையை நான் எடுத்து, நிறுத்து, கீறிப் பார்த்து, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொள்வேன். இதுவரை சுலபம்.

தலைதான் சிக்கல். மீனிலேயே விலை கூடின பாகம் அது. கூடத்தில் அதை வாங்கப் பணம் தர மாட்டார்கள். உடைத்த தலையைச் சாப்பாட்டுக் கடைக்காரர் வாங்க மாட்டார். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பால் டின்னை வெட்டி, ஆணியால் எண் அடித்து, அந்தத் தகரத்தை மீனின் தாடையில் கம்பியால் கட்டிவிடுவேன். தலை கடைக்குப் போகும். குழம்பில் கொதிக்கும். யாரோ ரசித்துச் சாப்பிடுவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு நான் பின்பக்கமாகப் போனால், சமையல்காரர் எலும்பையும் தகரத்தையும் ஒரு வாளியில் போட்டு வைத்திருப்பார். மண்டையோட்டைப் பிளந்து கல்லை எடுத்துக்கொள்வேன். கல் லேசாக மஞ்சள் பூத்திருக்கும், வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. புளி கல்லைத் தின்றுவிடாதா என்று அதிகாரி கேட்டார். இரண்டு கல்லைப் புளித்தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துக் காட்டினேன். மேல் பளபளப்புப் போயிற்று, உள்ளே கோடுகள் அப்படியே இருந்தன. சாப்பிட வந்த ஒருவர் மட்டும், "இது என்ன, மீனுக்கு அடையாள அட்டையா?" என்று தகரத்தைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட்டாராம்.

மாதத்துக்கு ஒருமுறை நானே ஒரு தலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவேன். அம்மாவுக்கு மீன் தலை என்றால் உயிர். கன்னத்துச் சதையை யாருக்கும் தர மாட்டாள். அப்பா கை நீட்டினால், "இது எனக்கு, நீங்க வாலைத் தின்னுங்க" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

இப்படி இரண்டு வருஷம். அட்டவணை தயாரானது. மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரை, பன்னிரண்டு பத்தியும் நிரம்பியிருந்தது. பத்து வளையத்துக்குக் குறைந்த மீன் எதிலும் முற்றின சினை இல்லை. பெரிய மீன்களில் மட்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாக. அதிகாரி அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வடிவாய் வந்திருக்கு பிள்ளை. இனி டைப் அடிக்கலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

டைப் அடிக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை சரிபார்ப்போம் என்று நோட்டைப் புரட்டியது செப்டம்பர் முதல் வாரத்தில். அக்டோபர் பக்கத்தில் ஒரு மீன். கை நீளத்துக்கு மேலே, கல்லில் பதினான்கு வளையம். பக்கத்தில் என் கையெழுத்து: "பை தொளதொளப்பு, சினை இல்லை. பருவம் வரவில்லை."

பதினான்கு வயதில் பருவம் வரவில்லையா? அதைவிடச் சின்னது ஜூலையில் சினையோடு இருந்திருக்கிறதே? அடுத்த வரியைப் பார்த்தேன். அதுவும் தொளதொளப்பு. அதற்கடுத்ததும். சின்ன மீன்கள், ஆறு வளையம், ஏழு வளையம், எல்லாவற்றுக்கும் "பருவம் வரவில்லை." சில இடங்களில் பையில் ரத்தக் கட்டு என்றுகூட நானே எழுதியிருந்தேன். எழுதிய கை என்னுடையது, யோசிக்காத தலையும் என்னுடையது. அவை பருவம் வராத மீன்கள் இல்லை. முட்டையெல்லாம் போட்டு முடித்து ஓய்ந்த மீன்கள். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு போய் நின்றுகொண்டு, இந்த வீட்டில் கல்யாணமே நடக்கவில்லை என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் கல்யாணம் எப்போது நடந்தது? தேதிகளைப் பார்த்தேன். செப்டம்பர் பத்தியில் இருந்த மீன்கள் எல்லாம் மாதத்தின் முதல் பாதி. அக்டோபர் மீன்கள் எல்லாம் கடைசிப் பாதி. நடுவில் நான்கு வாரங்களுக்கு மேலே ஒரு மீன்கூட இல்லை. முந்தின வருஷமும் அப்படியே. சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. புரட்டாசி.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அந்த மாதம் தலைக் கறிக் கடையும் சைவச் சாப்பாடு போடும், தலை வாங்காது. அதனால் என் வருஷ விடுமுறையை அந்த நான்கு வாரத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மழை பெய்தால் குடை பிடிப்பது மாதிரி. ஆங்கில மாதம் இரண்டிலும் பாதிப் பாதி மீன் இருந்ததால் அட்டவணையில் ஓட்டை தெரியவில்லை. தமிழ் மாதத்தில் பத்தி போட்டிருந்தால் முதல் வருஷமே பல்லிளித்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே அதிகாரியிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது, பஸ்ஸில் பாதி வழி என்னோடு வந்தது. கூடத்து வாசலில் இறங்கும்போது அதை உதறிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை சொல்லுறீர்? ஒரு மாசம் முழுக்க இல்லையோ? உந்தப் புரட்டாசிக் கதை எனக்கு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சது."

மேஜைக் காலண்டரில் அக்டோபர் கடைசித் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டார். "ஒக்டோபர் முடியுமட்டும் பொறுக்கிறன். அதுக்குள்ளை மீன் வராட்டி, இருக்கிறதை அனுப்பிப்போடுவன். வேறை வழி இல்லை."

புரட்டாசி பிறக்கப் பத்து நாள் இருந்தது. இந்த மாதத்தை விட்டால், தப்பான அட்டவணை அச்சில் ஏறிவிடும். என் தப்பு, என் கையெழுத்து. அதை நானே போய்த் திருத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வது சுலபம், அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம்.

எனக்கு ஒன்பது வயதில் குடல் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் பாயோடு பாயாகக் கிடந்தேன். டாக்டர் கையை விரித்த அன்று அம்மா பெருமாள் கோயிலுக்குப் போய், இவள் பிழைத்தால் ஆயுசுக்கும் புரட்டாசியில் இவள் கை கவிச்சியைத் தொடாது என்று வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன். அம்மாவுக்கு அது ஒரு வழக்கம் இல்லை. அந்த வேண்டுதல்தான் என்னைத் தரையில் நிறுத்தி வைத்திருக்கிறது என்று நம்பினாள்.

சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "மீனைத் தொடுவியா? புரட்டாசியிலயா?"

"வேலைம்மா. திங்கப் போறதில்ல. பாக்கத்தான்."

"தொட மாட்டாள்னு சொல்லியிருக்கேன். திங்க மாட்டாள்னு மட்டுமா சொன்னேன்?"

"நீ வேண்டிக்கிட்டதுக்கு நான் எப்படிம்மா கட்டுப்படறது?"

"உசுரோட நிக்கிறேல்ல? அப்படித்தான்."

நானும் அவள் பெற்ற பிள்ளைதானே, பிடிவாதத்தில் குறைச்சல் இல்லை. போவேன் என்றேன். போனால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றாள். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் சேந்து என் உசுரை வாங்காதீங்கலா" என்றார். அதன்பின் ஒரு வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், வாயைத் திறக்க மாட்டாள். எனக்குப் பயமும் இருந்தது. படித்தவள்தான், மைக்ராஸ்கோப் பார்ப்பவள்தான், இருந்தாலும் குளிக்கும்போது நெற்றியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

புரட்டாசி முதல் நாள் விடிகாலை, பலகையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் மாடிப்படி இறங்கினேன். கீழே அம்மா நின்றிருந்தாள். பழைய சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் பேப்பரில் சுற்றிய சமையல்கட்டுக் கத்தி.

"நட" என்றாள்.

"எங்கம்மா?"

"நீ தொடக் கூடாது. எங்க வெட்டணும், எதை எடுக்கணும்னு சொல்லு, நான் செய்யறேன். வேண்டுதல் உன் கையைத்தான் கட்டும், என் கையை இல்ல."

"நீயும்தானே இந்த மாசம் தொடறதில்ல?"

"அது எனக்கும் பெருமாளுக்கும் உள்ள பேச்சு. உனக்கென்ன?"

மீன்காரர் அவளைப் பார்த்து வாயைப் பிளந்தார். "அம்மா, இந்த மாசம் சைவம் இல்லையா?"

"நான் வாங்க வரலை தம்பி. வேலைக்கு வந்திருக்கேன். அந்த மீனை எடுங்க."

நான் இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா மீனைப் பலகையில் கிடத்தினாள், நான் அளவைப் படித்து எழுதினேன். பெரிய மீன்கூட இல்லை. ஏழு வளையம் இருக்கும் என்று தோன்றியது. வயிற்றைக் கீறினாள். பேசினில் சினைப்பை வந்து விழுந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. புடைத்து, ஆரஞ்சு நிறத்தில், நரம்பு ஓடி. கத்தி நுனியால் லேசாகத் தொட்டாள். வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக முட்டைகள் வழிந்தன.

"இது இன்னைக்கோ நாளைக்கோ போட்டிருக்கும்" என்றாள் அம்மா.

இரண்டு வருஷமாக நான் தேடிய பக்கம் அது. மார்க்கெட் நடுவில் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுது, ஈ மொய்க்குது" என்றாள்.

தலைக்கு என்ன செய்வது என்று தயங்கினேன். கறிக் கடை இந்த மாதம் வாங்காது, உடைத்தால் மீன்காரருக்கு நஷ்டம். கல் எங்கே இருக்கிறது என்று மட்டும் அம்மா கேட்டாள், சொன்னேன். செவுளை மடித்துப் பிடித்து, கீழ்ப்பக்கமாகக் கத்தியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். எலும்பு விட்டது. இரண்டு கல்லும் அவள் உள்ளங்கையில். செவுளை மூடினால் தலையில் ஒரு கீறல் தெரியவில்லை. மீன்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சூப் கடைக்குப் போகும் கூடையில் போட்டார்.

"இதுக்கா ரெண்டு வருஷம் தகரத்தைக் குழம்புல வேக வெச்ச?" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் அவள் செய்த முதல் கேலி. எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது, தலையைத் தடவிக் கொடுத்த மாதிரியும் இருந்தது.

அந்த மாதம் முழுக்க, சனிக்கிழமை தவிர, தினமும் வந்தாள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு நாளும் நான் கையால் தொடவில்லை. கல்லைக்கூட அவளே கழுவிக் காயவைத்து உறையில் போட்டுத் தந்தாள். புரட்டாசி கழிந்த பிறகுதான் கூடத்தில் உட்கார்ந்து உடைத்து எண்ணினேன். ஆறு வளைய மீன்கள் முட்டையோடு இருந்தன. ஐந்து வளையத்தில்கூட இரண்டு. எல்லாம் அந்தச் சில வாரத்தில் மட்டும், ஒன்றாக.

அதிகாரி புது அட்டவணையைப் பென்சில் நுனியால் வரி வரியாகப் படித்தார். பழையதை நான்காக மடித்துக் கூடையில் போட்டார். "முந்தினதை அனுப்பியிருந்தால் நான்தான் வெக்கப்பட்டிருப்பன் பிள்ளை" என்றார். அந்த வாரங்களில் இந்த மீனைப் பிடிக்காமல் விடவேண்டும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். இந்தக் கதையைக் கேட்ட சிலர், "பாத்தீங்களா, மீன் முட்டை போடற மாசம்னு தெரிஞ்சுதான் நம்ம பெரியவங்க புரட்டாசியில கவிச்சியை நிறுத்தினாங்க" என்று புல்லரித்துப்போவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நாங்கள் சாப்பிடாத மீனை அந்த மாதம் ஊரெல்லாம் சாப்பிட்டது. புரட்டாசி பெருமாளின் மாதம், மீனின் மாதம் இல்லை. அதை மீனுக்காகவும் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தோம். அவ்வளவுதான்.

அடுத்த வருஷமும் புரட்டாசி மீன் வேண்டியிருந்தது. அம்மா கேட்காமலே கத்தியோடு வந்து நின்றாள். அந்த மாதமும் நல்லபடியாக முடிந்தது. ஐப்பசி முதல் நாள், கறிக் கடையில் மறுபடி அடுப்பேறிய அன்றே, இருந்ததில் பெரிய தலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமாகவே எங்களுக்குப் போட்டுவிட்டு அம்மா சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அன்று நான் விடவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்து, கன்னத்துச் சதையைப் பெயர்த்து அவள் தட்டில் நானே வைத்தேன்.

அவள் அதை எடுத்து அப்பா தட்டில் வைத்தாள்.

"என்னம்மா, அது உன்னுது."

"நான் திங்கறதில்ல."

"ஐப்பசி பொறந்தாச்சே, இன்னும் என்ன?"

"மீனை விட்டுட்டேன்." குழம்பை எடுத்து எனக்கு ஊற்றினாள். "போன வருஷம் மொத நாளே விட்டுட்டேன். பெருமாள் மாசத்துல கத்தி எடுத்தேன்லா. சும்மாவா எடுக்க முடியும்? ஒண்ணைக் குடுத்துத்தானே ஒண்ணைக் கேக்கணும்."

பதின்மூன்று மாதம். புரட்டாசி போக மற்ற மாதமெல்லாம் வாங்கி, கழுவி, வதக்கி, எங்களுக்கு ஊற்றியிருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கடலுக்கடியில் இருக்கிற மீன் எந்த வாரம் முட்டை போடுகிறது என்று சொல்லக் கற்றவள், ஒரே வீட்டில் அம்மா தட்டில் மீன் இல்லை என்பதைப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் உன்னைக் கேட்டார்கள் என்று கத்தினேன்.

"அடுத்த வருஷம் கத்தியை நான் எடுத்துக்கறேன். என் கையாலயே வெட்டறேன். நீ மீன் தின்னு" என்றேன்.

"தொட்டுப் பாரு, தெரியும்" என்றாள் அம்மா. "நீ இருக்கணும்னுதான் விட்டேன். சாப்பிடு, ஆறுது."